பிள்ளைக்கு கண் நரம்பு வீக்குன்னு பயந்து போன எனக்கு போட்டோ காட்டி புரிய வச்ச நாகர்கோவில் கண் கிளினிக், 5க்கு 4

தக்கலை பக்கம் நம்ம வீடு. எனக்க மோளுக்கு 9 வயசு, நாலாம் கிளாஸ். ஜூன்ல ஸ்கூல் தொறந்து ஒரு வாரம் ஆகல, மிஸ் கூப்பிட்டு போர்டு தெரியல போல, பக்கத்து பிள்ளைக்க நோட்ட பாத்து எழுதுதான்னு சொன்னாவ. அன்னைக்கு சாயங்காலமே பக்கத்துல ஒரு கண்ணாடிக் கடையில கொண்டு காட்டினோம். மெஷின்ல தாடைய வச்சு அஞ்சு நிமிஷம், ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.25ன்னு சீட்டு வந்துச்சு. கூடவே அந்த அண்ணன் ஒரு வார்த்தை விட்டாரு, "கண் நரம்பு வீக்கா இருக்கு, அதான் பவர்". போச்சு. மாமியார் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, கேரட்னு ஒரு மாசம் அதே தான் சமையல், பிள்ளைக்கு சோத்துப் பானைய பாத்தாலே அழுகை.

பயத்துல அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனோம், எதுன்னு சொல்லல. அங்க ஓசிடி ஸ்கேன் எடுத்தாவ, கண்ணுக்கு உள்ள நரம்பு எவ்ளோ தடிமன்னு அளக்கறது. பேப்பர்ல ஒரு வட்டம், பச்சையா இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு மூணு துண்டு சிவப்பு. நரம்பு மெலிஞ்சிருக்கு, கப்பு பெருசா இருக்கு, கிளாக்கோமாவா (கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போற நோய்) இருக்கலாம், சொட்டு மருந்து ஆரம்பிச்சிருங்கன்னு ரெண்டே நிமிஷம், அடுத்த டோக்கன். கப்புன்னா என்னன்னு கூட கேக்க முடியல. அன்னைக்கு ராத்திரி அந்த பேப்பர டியூப்லைட்டுக்கு கீழ வச்சு வச்சு பாத்துட்டே இருந்தேன், என்னமோ பாத்தா சிவப்பு பச்சையா மாறிரும்னு நெனச்ச மாதிரி.

மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துல கேட்டுருவோம்னு மார்த்தாண்டத்துல இருக்க எனக்க கூட்டுக்காரி சொல்லித்தான் நாகர்கோவில்ல இந்த கிளினிக்குக்கு வந்தோம். போர்டு ஒண்ணும் பெருசா இல்ல, முதல் தடவ தாண்டி போயிட்டோம்.

இங்க மெஷினுக்கு முன்னாடி பேச்சு தான். வீட்ல யாருக்கு கண்ணாடி (வீட்டுக்காரருக்கு மைனஸ் 4), யாருக்காவது கிளாக்கோமா உண்டா, பிள்ள எவ்ளோ நேரம் வெளிய விளையாடும், டியூஷன் எத்தன மணிக்கு, எல்லாம் டாக்டரம்மா கேட்டு எழுதினாவ. பிறகு சின்னதா ஒரு கருவிய கண்ணுகிட்ட கொண்டு வந்து டக் டக்னு தொட்டு கண் பிரஷர் பாத்தாவ, 15. 10ல இருந்து 21 வரை சாதாரணம்னாவ. அப்புறம் தான் கண்ணு பாப்பா விரியற சொட்டு, மூணு தடவ, அது நல்லா எரியும். அரை மணி நேரம் கழிச்சு பாத்தா பிள்ளைக்க கண்ணு ராத்திரி பூனைக்கண்ணு மாதிரி முழுக்க கறுப்பு. கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்ட கண்ணுகிட்ட வச்சு பாத்துட்டு "அம்மா எழுத்தெல்லாம் ஓடுது"ன்னா.

சொட்டு போட்டு பாத்ததுல பவர் மைனஸ் 1.75 தான். கடையில 2.25. கிட்டத்துல பாக்கும்போது கண்ணுக்குள்ள ஒரு சதை இறுகுமாம், பிள்ளைங்களுக்கு மெஷின்ல பாக்கும்போதும் இறுகிட்டு மைனஸ கூட்டி காட்டிருமாம், சொட்டு அத தளர்த்தி விடுது. அந்த அரை பவர் சும்மா கூடுதலா மாட்டியிருப்போம்.

அடுத்தது தான் நான் காசு குடுத்ததுக்கு நியாயம். கண்ணுக்கு உள்ள போட்டோ எடுத்து பெரிய மானிட்டர்ல போட்டு என்னையும் பக்கத்துல இருக்க சொன்னாவ. ஆரஞ்சு கலர்ல வெத்தலை நரம்பு மாதிரி ரத்தக்குழாய், எல்லாம் ஒரு வெளிறின வட்டத்துல வந்து சேருது. அந்த வட்டம் தான் நரம்பு கண்ண விட்டு வெளிய போற வாசல், ஒன்றரை மில்லிமீட்டர் கிட்ட தான் அகலமாம். நம்ம ஊரு கயித்துல தும்பு சேர்ற மாதிரி பத்து லட்சம் அளவுக்கு நார் சேந்து அது வழியா மூளைக்கு போகுது. நடுவுல குழியா தெரியறது கப்பு. இவளுக்கு அந்த வட்டம் வட்டமா இல்ல, முட்டை மாதிரி சாய்ஞ்சு, காதுப் பக்கம் வெள்ளையா ஒரு பிறை.

"நரம்பு வீக் இல்ல மோளே, முழி நீளமாகுது. மாங்காய் ஒரு பக்கமா நீண்டு வளந்தா காம்பு சரிஞ்சு தான நிக்கும், காம்புக்கா நோவு?"ன்னு கேட்டாவ. எனக்கு அப்ப தான் மூச்சு வந்துச்சு.

பொறந்த பிள்ளைக்கு முழி நீளம் 17 மி.மீ. கிட்ட இருக்கும், பெரியவங்களுக்கு 23, 24. அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் நீண்டா ரெண்டரை மூணு பவர் ஏறிரும். இவளுக்கு இப்பவே 24.2. அந்த சிவப்பு விஷயம் கேட்டேன். பெரும்பாலான ஓசிடி மெஷின் 18 வயசுக்கு மேல உள்ளவங்க கண்ண அளந்து வச்ச கணக்கோட தான் ஒப்பிடுமாம், நீண்ட முழியில நார் கட்டு கொஞ்சம் இடம் மாறி ஓடுறதுனால அந்த கணக்குல மெலிசுன்னு விழுந்துருமாம். இதுக்கு டாக்டர்ங்க கிட்ட "சிவப்பு நோய்"னே ஒரு கேலிப் பேரு இருக்காம்.

அதுக்காக ஒண்ணுமே இல்ல போங்கன்னும் சொல்லல, அது எனக்கு பிடிச்சுது. பவர் 6 தாண்டினவங்களுக்கு பின்னால கிளாக்கோமாவும் விழித்திரை விலகுறதும் வர வாய்ப்பு கூட, கண்ணாடி போட்டு கடைசி வரி வாசிக்குதுன்னு மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, கிளாக்கோமால ஓரப்பார்வை தான் முதல்ல போகும்னாவ. இப்ப பிரஷர் சரி, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி, கப்ப சுத்தி உள்ள விளிம்பு நல்லா இருக்கு, அதனால மருந்து வேண்டாம், இன்னைக்கு எடுத்த போட்டோவோட ஆறு மாசம் கழிச்சு எடுக்கறத வச்சு பாப்போம்னு முடிவு. முழி ரொம்ப வேகமா நீண்டா அந்த வேகத்த குறைக்கற குறைஞ்ச அளவு அட்ரோபின் சொட்டு பத்தி அப்ப யோசிக்கலாமாம்.

தினம் 2 மணி நேரம் வெளிச்சத்துல வெளிய விடுங்கன்னாவ, அது புதுசா பவர் வராம தடுக்கத்தான் நல்லா உதவும், வந்தத இறக்காது, அதனால தம்பியையும் சேத்து விடுங்கன்னாவ. நம்ம ஊர்ல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசில ஒரு மழை, நடுவுல டியூஷன், எப்படி விடறதுன்னு தெரியல. டியூஷன ஆறு மணிக்கு மாத்தியாச்சு.

குறை உண்டு. 10 மணி அப்பாயின்மென்ட், உள்ள கூப்பிட்டது 12.10. சொட்டு எரியும்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சிஸ்டர் டக்குன்னு ஊத்திட்டாவ, அதுக்கப்புறம் அடுத்த கண்ண தொறக்க வைக்க நான் பட்ட பாடு. கீழ கண்ணாடி கவுண்டர்ல ப்ளூ கட் (நீல வெளிச்சத்த தடுக்கற கண்ணாடி) போட்டா பவர் ஏறாதுன்னு ஒரே நச்சரிப்பு, மேல ஏறி டாக்டரம்மாகிட்ட கேட்டா அதுக்கும் பவர் ஏறறதுக்கும் சம்பந்தமே இல்லன்னாவ. ஒரே கட்டிடம், மாடிக்கு ஒரு பேச்சு கீழ ஒரு பேச்சு. ஒரு ஸ்டார் அங்க தான் போச்சு.

போறவங்க சனிக்கிழமை போகாதீங்க, சொட்டு போட்டா வெளிச்சம் கூசும், பிள்ளைக்கு ஒரு தொப்பி கொண்டு போங்க. நாங்க கொண்டு போகல, பஸ் ஸ்டாண்டு வெயில்ல எனக்க ஷால தலை வழியா மூடிட்டு தான் பிள்ள வந்துச்சு. ஜனவரில அடுத்த ரிவ்யூ, ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சு பாத்துட்டு வந்து இதுலயே எழுதுறேன்.