ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி: ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு உதவுமா?

மஸ்கெலியா பக்கம் பின்னேர வகுப்பு வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நான் போவது ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரிக்குத்தான். அமெரிக்காவில் டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கிய தளம், பார்க்கக் காசு வேண்டாம், ஆப்பும் இருக்கிறது. பெரும்பாலும் வெறும் எழுத்துதான் என்பதால் மேட்டு லயத்தில் கவரேஜ் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும் கொஞ்சம் பொறுத்தால் திறந்துவிடும்.

எப்படிப்பட்ட தளம் என்று காட்ட ஒரு சொல் போதும், இக்னமினி. சாதாரண அகராதியில் 'இழிவு, அவமானம், மானக்கேடு' என்று இருக்கும். சரி, ஆனால் டிஸ்கிரேஸ் தேடினாலும் இன்ஃபமி தேடினாலும் இதே மூன்றும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன, அப்புறம் பிள்ளை எதை எங்கே போடும்? இங்கே தேடினால், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல், லத்தீனில் இக்னோமினியா, முன்னால் இருப்பது 'இல்லை' என்கிற 'இன்', பின்னால் இருப்பது 'நோமென்', அதாவது பெயர் என்று பிரித்துக் காட்டுகிறது. பேர் கெட்டுப்போவது, அவ்வளவுதான். ('பேர் போன' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அது நேர் எதிராகிவிடும்.) இன்ஃபமி வேறு வழி: அதற்குள் இருப்பது 'ஃபாமா', ஊர்ப் பேச்சு. ஒன்றில் பெயர் போகிறது, மற்றதில் ஊர் வாயில் விழுகிறோம்.

உண்மையான சுவை வேர்ச்சொல்லைத் தட்டினால்தான். நோமென் குடும்பத்தில் நவுன், நாமினேட், ரினவுன், அனானிமஸ் எல்லாம் வரிசையாக வருகின்றன, கூடவே சமஸ்கிருத 'நாமன்'. நம் 'நாமம்' வந்தது அங்கிருந்துதானே, ஆக பட்டை நாமம் போடுகிறவனுக்கும் இக்னமினிக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது. இதைச் சொன்னால் தூங்குகிற பையனும் எழும்பி உட்காருவான்.

குறை என்னவென்றால், எலும்பைக் காட்டிவிட்டு நிறுத்திவிடும். பெயர் கெடுவது ரோமில் எப்படி நடந்தது என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும், அதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதியும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சென்சார் என்று இரண்டு பேரைத் தெரிவு செய்வார்கள், குடிமக்கள் இடாப்பைத் திருத்துவது அவர்கள் வேலை, நடத்தை சரியில்லை என்று பட்டால் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுவார்கள், செனட்டராக இருந்தால் பட்டியலிலிருந்தே தூக்கிவிடலாம். கி.மு. 275இல் ருஃபினஸ் என்பவரைத் தூக்கினார்கள். இரண்டு தடவை கொன்சல் என்கிற ரோமின் உச்சப் பதவியில் இருந்த மனுஷன், குற்றம் வீட்டில் பத்து இறாத்தல் வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்தது! இது நீதிமன்றத் தண்டனை இல்லை என்பதால் அடுத்து வருகிற சென்சார்கள் நினைத்தால் குறியை நீக்கலாம். இதற்குப் பெயர்தான் இக்னோமினியா.

இடாப்பு, பெயர், வெட்டு என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கேட்ட கிலோவுக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். எந்த அகராதியிலும் இல்லாத இந்த உதாரணத்தை நான் அங்கே வைத்துத்தான் தொடங்குகிறேன், ஆனால் உடனேயே வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும், அரைப்பேரில் போவது காசு, மானம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தையும் சில பிள்ளைகள் இழுப்பார்கள், இலங்கை மலையகத்தில் நம் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் குடியுரிமை இல்லாமல் நாட்டுக் கணக்கிலிருந்தே போனதே, அது இக்னமினியா என்று. இல்லை என்பதே என் பதில். பெயர் போனவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, வேண்டுமானால் சட்டம் போட்டவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கலாம்.

சரி, தளத்துக்கு வருகிறேன். ஓ.எல். பரீட்சைக்கு அவசரமாக அர்த்தம் மட்டும் தேடுகிற பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள், முழுக்க ஆங்கிலம், வேர்ச்சொற்கள் முன்னால் நட்சத்திரக் குறியோடு நிற்பதைப் பார்த்தே மூடிவிடும். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்கிறவர்களுக்கும் நம்மைப் போல வகுப்பு வைப்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். உச்சரிப்பை மட்டும் வேறு அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள், இக்னமினியில் அழுத்தம் முதல் 'இக்'கில், நடுவில் இல்லை.