கிழிந்த சட்டைப் படமும் மாலை வகுப்பும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிள்ளைகள் போனபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அன்றிலிருந்து, பிள்ளையை எங்கே சேர்ப்பதென்றாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பது எங்கள் பக்கத்துத் தாய்மார்களின் வழக்கம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்பில் என் பிள்ளைகள் இருவரையும் சேர்க்கப் போனபோதும் அதைத்தான் செய்தேன். கான்கிரீட் கூரை. இரண்டு வாசல். வகுப்பு நடக்கும் நேரத்தில் கிரில் கதவுக்குப் பூட்டு போடுவதில்லை. சேர்த்துவிட்டேன்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "வெளிநாட்டுக்காரர்கள் வந்து சொல்லிக் கொடுக்கிறார்களாமே, அனுப்பலாமா?" என்று என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். அளவெடுத்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி ஒரு முறை கை அளவைத் தப்பாகக் குறித்துவிட்டேன். எழுதியே வைத்துவிடுவது நல்லது.

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வகுப்பு. கட்டணம் கிடையாது. நடுவில் சுண்டல் தருகிறார்கள்; உப்பு எப்போதும் தூக்கல். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். உள்ளூர் ஆசிரியைகள் இருவர் நிரந்தரமாக இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர்கள் சிலர் ஓராண்டும் சிலர் சில மாதங்களும் தங்குகிறார்கள். சிலர் பதினைந்தே நாளில் போய்விடுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த நாள் கணக்கைத்தான், எந்த நாட்டுக்காரர் என்பதை அல்ல.

முதல் ஆண்டு வந்த ஜெர்மனிப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஓராண்டு தொண்டு செய்ய அவர்கள் அரசே உதவித் திட்டம் வைத்திருக்கிறதாம். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டில் வரிசையாகத் தப்புப் போட்டிருந்தது. விடைகளைப் பார்த்தால் 11 வர வேண்டிய இடத்தில் 77, 21 வர வேண்டிய இடத்தில் 27. கூட்டல் தெரியாத பையன் இல்லையே என்று மறுநாள் நேரில் போய்க் கேட்டேன். ஜெர்மனியில் ஒன்று என்ற எண்ணை மேலே நீளமாகக் கொக்கி வைத்துத்தான் எழுதுவார்கள். நம் கண்ணுக்கு அது ஏழு. அவர்களுடைய ஏழுக்கோ நடுவில் ஒரு கோடு உண்டு. பையன் அந்த ஜெர்மனி அக்காவைப் பார்த்து ஒன்றை மட்டும் எழுதப் பழகி, கோட்டை விட்டுவிட்டான். வகுத்தல் குறிக்குக்கூட அவர்கள் இரண்டு புள்ளிதான் வைப்பார்களாம். அந்தப் பெண் முகம் சிவந்து, அன்றைக்கே நம் முறையில் எண்களை எழுதிப் பழகினாள். மூன்றே நாளில் சரியாகிவிட்டது. அவள் ஓராண்டு இருந்ததால் இது நடந்தது. பதினைந்து நாள் ஆளாக இருந்தால், தப்பு தெரிய வரும்போது அவர் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்.

அந்தப் பதினைந்து நாள் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பரில் வருவார்கள், பின்பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், பிள்ளைகளை அழ வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த டிசம்பரில் வேறு கூட்டம், அதே சுவர். வருகிற ஒவ்வொருவரும் "உன் பெயர் என்ன?" என்பதிலிருந்து ஆங்கிலத்தைத் தொடங்குவதால், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில் என் மகனை இந்த வட்டாரத்தில் யாரும் வெல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்குத்தான் இன்னும் திணறுகிறான்.

மூன்று மாதம் இருந்த அமெரிக்கப் பெரியவர் வேறு ரகம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் 'தாத்தா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, உள்ளூர் ஆசிரியை தமிழில் சொல்ல, வெள்ளிக்கிழமைகளில் குழந்தை உரிமை வகுப்பு நடந்தது. ஐ.நா. சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற உடன்படிக்கை, அதில் 54 பிரிவுகள், இந்தியா அதில் 1992 டிசம்பரில் சேர்ந்தது என்றெல்லாம் தமிழில் அச்சடித்த தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. "உங்கள் நாடு எந்த ஆண்டு சேர்ந்தது, தாத்தா?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள். 1995இல் கையெழுத்து மட்டும் போட்டார்கள், முழுதாக ஏற்கவில்லை, அது எங்களுக்கு அழகில்லை என்று அவர் மழுப்பாமல் சொன்னாராம். அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

என் மகனுக்கு அந்தத் தாளில் 31ஆம் பிரிவு மட்டும் மனப்பாடம். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரிமை. வீட்டுப்பாடம் என்று வாயெடுத்தால் அதைச் சொல்வான். ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய 1098ஐப் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்லவும் தெரியும்.

மகள் விஷயம் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. போன பொங்கலுக்கு முந்தைய வாரம் நாற்பது ரவிக்கை குவிந்திருந்தது. கொக்கி வைக்கவும் காஜா எடுக்கவும் கையில்லாமல் இரண்டு நாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "பள்ளி விட்டு வந்து வைத்துத் தருகிறேன் அம்மா. 1986ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினபோது அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பதினாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை வீட்டுத் தொழிலுக்கு உதவலாம், ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு, இல்லையென்றால் விடுமுறையில்." பெற்ற தாயிடம் சட்டம் பேசுகிறாளே என்று எனக்கு ஆத்திரம். ஊசியைப் போட்டுவிட்டு நேரே மாலை வகுப்புக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஆசிரியை எதிர்த்துப் பேசவில்லை. "எத்தனை ரவிக்கை பாக்கி?" என்று கேட்டு, அன்றிரவு வந்து என்னோடு உட்கார்ந்து பன்னிரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தார். அதற்கு மேல் நான் என்ன பேச?

இப்போது குறைக்கு வருகிறேன். சித்திரை மாதம், சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாரின் கணவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இது நம் பையன்தானே?" என்று கேட்டிருந்தார். அறக்கட்டளையின் நன்கொடை விளம்பரம். தோளில் கிழிந்த சட்டையோடு என் மகன். கீழே, உடுத்த நல்ல துணிகூட இல்லாத பிள்ளை என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அந்தச் சட்டை, வாய்க்காலில் மீன் பிடிக்கப் போடுவதற்கென்றே ஒதுக்கி வைத்தது. கொடியில் அவனுக்கு நான் தைத்த நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தையல்காரி மகனுக்கா துணியில்லை? அன்று முழுக்க மிஷினில் உட்காரவே பிடிக்கவில்லை.

இந்த முறை சத்தம் போட்டது நானில்லை. மகள் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். ஐ.நா. உடன்படிக்கையின் 16ஆம் பிரிவின்படி பிள்ளைக்கு அந்தரங்கமும் நற்பெயரும் உண்டு, 12ஆம் பிரிவின்படி அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று. ஆசிரியை அதை மேலிடத்துக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து வந்த பதில், இப்படிப்பட்ட படங்களால்தான் நன்கொடை வருகிறது, பெரிதுபடுத்த வேண்டாம் என்பது. மகள் மறுபடி எழுதினாள்: "அப்படியென்றால் சுவரில் இருக்கும் தாளைக் கழற்றிவிடுங்கள்." மூன்று வாரத்தில் படத்தை எடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு மகன் பெயருக்கே தமிழில் கடிதம் வந்தது. தாளும் சுவரில் இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்றால் நான்கு தருவேன். அந்தப் பத்து நாள் பதிலுக்காக ஒன்று குறைவு.

சேர்க்கை ஜூனில், மேட்டூர் திறந்து நம் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிற சமயத்தில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரைப்பாதை சேறாகிவிடும், டார்ச் விளக்கு கொடுத்து அனுப்புங்கள். வெளிநாட்டுக்காரர் இல்லாத மாதங்களிலும் அனுப்புங்கள். அப்போதுதான் கணக்கு நன்றாக நடக்கிறது. இந்த ஆண்டு முதல் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. புகைப்படம் எடுக்கலாமா என்று அதில் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். மகள் 'கேட்டுவிட்டு எடுக்கவும்' என்று எழுதினாள். மகன் வெகுநேரம் யோசித்து, 'எடுக்கலாம், நீலச் சட்டை போட்டிருந்தால்' என்று எழுதிக் கொடுத்தான்.