ஒரு டாலர் சீட்டுக்கு 196 டாலர்: ஃபிலடெல்பியா போகிறவர்கள் கவனத்துக்கு

மே மாதம் அப்பா, அம்மா, மனைவியுடன் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் இரண்டு நாள் தங்கினேன். எங்கள் நால்வருக்குமே அந்த ஊர் புதிது. ஊரின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. புறப்படும் முன்பே இணையத்தில் ஏமாந்து கட்டிய 196 டாலரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த விற்பனைப் பக்கம் இன்றும் தேடலில் மேலே வந்து நிற்கிறது. இன்னொரு குடும்பம் அதில் விழக் கூடாது.

அப்பா மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தியவர். அமெரிக்கா வந்ததும் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே இடம் ஃபிலடெல்பியாவின் சுதந்திர மண்டபம். 1776-இல் சுதந்திரப் பிரகடனமும் 1787-இல் அரசியலமைப்பும் அங்கே ஒரே அறையில்தான் பிறந்தன. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று நம் சாசனம் தொடங்குவதை நடத்தும்போதெல்லாம், அதற்கு முன்பே ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்கிய அந்தச் சாசனத்தையும் அவர் சேர்த்தே சொல்வார். கூடவே ஒரு நாற்காலிக் கதையும் வரும். அரசியலமைப்பை எழுதிய அவைக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டனின் நாற்காலி முதுகில் பாதிச் சூரியன் செதுக்கப்பட்டிருக்கும். ‘அது உதிக்கிறதா, மறைகிறதா என்று தெரியாமலே இருந்தேன், உதிக்கும் சூரியன்தான் என்று இப்போது அறிந்துகொண்டேன்’ என்று கடைசி நாளில் அந்த அவையில் இருந்த முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னாராம். அந்த நாற்காலி இன்றும் அதே அறையில் இருக்கிறது.

அவசரத்தில் தேடியபோது முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். மேலே சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. மண்டபத்தின் படம், நட்சத்திர மதிப்பீடுகள், ‘இன்னும் மூன்று இடங்களே உள்ளன’ என்ற சிவப்பு எழுத்து. சுதந்திர மண்டப நுழைவு, வரிசையில் நிற்காமல் விரிசல் விழுந்த பழைய சுதந்திர மணி, பிராங்க்ளின் கல்லறை, எல்ஃப்ரெத் சந்து என்ற பழைய தெரு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 49 டாலர் என்றது. நால்வருக்கும் கட்டிவிட்டேன்.

காலை பத்து மணிக்குச் சந்திக்க வேண்டிய இடத்தில் வழிகாட்டி வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. எங்களோடு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். செஸ்ட்நட் தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையில் எல்லோரையும் நிறுத்தி, செங்கல் கட்டடத்தைக் கை காட்டி ஐந்து நிமிடம் பேசினார். அடுத்து சந்துக்குப் போகலாம் என்றார். உள்ளே எப்போது என்று கேட்டேன். ‘உள்நுழைவு, சீட்டு இருப்பைப் பொறுத்தது’ என்று வவுச்சரின் அடியில் இருந்த வரியைத் தன் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார். அதை அவர் பல முறை காட்டியிருக்க வேண்டும். தேடாமலே அந்த வரிக்கு விரல் போனது.

குழுவை விட்டுவிட்டுத் தேசியப் பூங்காத் துறையின் வரவேற்பு மையத்துக்கு ஓடினேன். அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த பெண் அலுவலர் என் வவுச்சரைப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்றார். மண்டபத்துக்கான நுழைவே இலவசமாம். முன்பதிவு செய்தால் ஒருவருக்கு ஒரு டாலர் மட்டும் பதிவுக் கட்டணம். அன்றைய சீட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன, மறுநாளுக்கும் இல்லை. மறுநாள் நண்பகலில் எங்களுக்கு விமானம். சுதந்திர மணிக்குச் சீட்டே கிடையாது, எல்லோரும் ஒரே பாதுகாப்புச் சோதனை வரிசையில்தான் போக வேண்டும் என்றும் அவர் சொன்னார். வரிசை இல்லாத வழி என்று எனக்கு விற்கப்பட்டது, இல்லாத ஒன்று.

பிராங்க்ளின் கல்லறை ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் சேரும் முனையில், நடைபாதையிலிருந்தே கம்பி வேலி வழியாகத் தெரிகிறது. எல்ஃப்ரெத் சந்து இன்றும் மக்கள் குடியிருக்கும் பொதுத் தெரு. யாரும் நடந்து போகலாம். ஆக, காசில்லாமல் கிடைக்கும் நான்கையும் ஒரு பொட்டலமாகக் கட்டி என்னிடம் விலைக்கு விற்றிருந்தார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று கைக்கு வரவே இல்லை.

அப்பா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ‘மணியையாவது பார்ப்போம் வா’ என்றார். அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டோம். மணியில் நாம் படங்களில் பார்க்கும் அகலமான பிளவு, உண்மையில் விரிசலைச் சரிசெய்ய அவர்களே அகலப்படுத்திய இடம். கிட்டே போய்ப் பார்த்தால் துளையிட்ட தடங்கள் விளிம்பு நெடுகப் பல் பல்லாகத் தெரிகின்றன. அதன் மேலே தலைமுடி போல ஓடும் மெல்லிய கோடுதான் மணியின் குரலை அடக்கிய இரண்டாவது விரிசல். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டபத்தை ஒட்டிய காங்கிரஸ் மண்டபத்துக்குப் போனோம். அதற்குத் தனிச் சீட்டு கேட்கவில்லை. 1797-இல் வாஷிங்டன் பதவியை விட்டிறங்க, ஜான் ஆடம்ஸ் பொறுப்பேற்றது அங்கேதான். வெளியே வந்ததும் பக்கத்துக் கதவைப் பார்த்து, ‘நாற்காலி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும், இல்லையா?’ என்று கேட்டார். அந்தக் கேள்விதான் 196 டாலரைவிட எனக்கு வலித்தது.

பணத்தைக் கேட்டு மூன்று முறை எழுதினேன். ‘திருப்பித் தரப்படாது’ என்ற ஒரே பதில் மூன்று முறையும் வந்தது. பிறகு கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டேன். விற்பனைப் பக்கத்தின் படம், வவுச்சர், கடிதங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். ஆறு வாரத்தில் முழுத்தொகையும் திரும்பியது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் தள்ளிப் போடாதீர்கள். செலவு இடம்பெற்ற முதல் கணக்குப் பட்டியல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தப் பாதுகாப்பு கிரெடிட் கார்டுக்குத்தான். பணம் கட்டும்போதே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வாசகங்களை மாற்றிவிடுகிறார்கள்.

அந்த ஊரில் நல்ல வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். நடந்து சுற்றிக் கதை சொல்வதற்குக் கூலி வாங்குவது நியாயமான தொழில்தான். ஆனால் மண்டபத்துக்குள் நுழைவு என்று யார் விற்றாலும், எந்த நாள், எத்தனை மணிக்குரிய சீட்டு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் தராதீர்கள். ஆண்டின் பெரும்பகுதியில் நேரம் குறித்த சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதைப் பதிவு செய்யும் இடம் ரிக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசுத் தளம். முகவரி ‘.gov’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள். விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே இதையும் பாருங்கள். விடுமுறை நாட்களிலும் வாரக் கடைசியிலும் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய விசா இன்னும் ஒன்பது ஆண்டு செல்லும். அடுத்த முறை அவர் வரும் தேதி முடிவானதும் நான் செய்யப்போகும் முதல் வேலை, அந்த ஒரு டாலரைக் கட்டுவது.