அதிரீனல் கட்டிக்கு எந்தக் கதிரியக்கப் படம்?

வேறொரு நோய்க்காக எடுத்த சி.ரி. ஸ்கானில், சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் கட்டியொன்று தெரிந்துவிட்டால், யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் முதற் கேள்வி, பெற் ஸ்கானுக்குக் கொழும்புக்குப் போக வேண்டுமா என்பதுதான். அக்கட்டியைப் பற்றி எதை அறிய விரும்புகிறோம் என்பதிலேயே அதற்கான விடை தங்கியுள்ளது. சாய ஊசி ஏற்றாத சி.ரி. படத்தில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகைத் தாண்டாத, சீரான கட்டி தீங்கற்றதாகவே கொள்ளப்படும்; அதற்குப் பயணம் தேவையில்லை.

சந்தேகம் நீடித்தால், புளோரின் 18 என்னும் கதிரியக்க அணுவை ஏற்றிய குளுக்கோசைக் கொண்டு எடுக்கும் பெற் ஸ்கான், கட்டி எவ்வளவு ஆபத்தானது என்பதை நன்றாகக் காட்டும். சுரப்பியின் மேற்பட்டையில் தோன்றும் புற்றுநோயும், நுரையீரல் போன்ற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றும் பெரும்பாலும் ஈரலைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் அட்ரீனலின் வகை ஹோர்மோன்களைச் சுரக்கும் கட்டியான பியோகுரோமோசைற்றோமாவும், சில தீங்கற்ற கட்டிகளும்கூட ஒளிரக்கூடும் என்பதால், கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இப்படம் சொல்லாது.

அந்த இடத்தில்தான், கதிரியக்க அயடீன் ஏற்றிய எம்.ஐ.பி.ஜி. என்னும் மருந்தைக் கொண்டு எடுக்கும் படம் முந்துகிறது. நோரட்ரீனலின் ஹோர்மோனை ஒத்த இம்மூலக்கூறு பியோகுரோமோசைற்றோமாவின் கலங்களுக்குள் சேரும். மேற்பட்டைப் புற்றுநோயில் சேராது. ஆயத்தம்தான் சற்றுக் கூடுதல்: தைரொயிட்டைக் காக்க முன்கூட்டியே அயடீன் மருந்து கொடுக்க வேண்டும், லபெட்டலோல் (இரத்த அழுத்த மருந்து) போன்ற மருந்துகளை வைத்தியரின் சொற்படி நிறுத்த வேண்டும், படத்தையும் மருந்து ஏற்றிய மறுநாளே எடுப்பார்கள். எஸ்.டி.எச்.பி. மரபணு மாற்றத்தால் வந்து பரவிய கட்டிகளை எம்.ஐ.பி.ஜி. தவறவிடுவதுண்டு, அவற்றுக்குக் கலியம் 68 டொட்டாரேற் என்னும் கதிரியக்க மருந்தால் எடுக்கும் பெற் ஸ்கான் மேலானது, ஆயினும் ஆரோக்கியமான அதிரீனலும் அம்மருந்தை உறிஞ்சுவதால் சுரப்பிக்குள்ளேயே இருக்கும் சிறு கட்டி மறைந்துபோகலாம்.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புளோரின் 18 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். தெற்கிலிருந்து வீதியால் ஆறு மணி நேரம் கொண்டுவந்தால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும் என்பதால், மருந்தை வரவழைப்பதைவிட நோயாளி அங்கு போவதே நடக்கக்கூடியது. எம்.ஐ.பி.ஜி.யில் ஏற்றும், எட்டு நாள் அரைவாழ்வுள்ள அயடீன் 131 எவ்வளவு தூரமும் வரும், ஆனால் அதன் படம் 13 மணி நேர அரைவாழ்வுள்ள அயடீன் 123 தருவதைப்போலத் தெளிவாக இராது, உடலில் சேரும் கதிர்வீச்சும் அதிகம்.

ஆகவே எந்தப் படத்துக்கும் முன்னர், இரத்தத்தில் அல்லது சிறுநீரில், அட்ரீனலின் சிதைந்து உண்டாகும் மெற்றாநெப்ரின் அளவைப் பார்த்துவிடுமாறு வைத்தியரிடம் கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் தேடவேண்டியது பியோகுரோமோசைற்றோமாவை. அது தெரியாமல் கட்டியில் ஊசி குத்தித் திசு எடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.