வராத்கரும் மார்ட்டினும்: டாக்டரும் வாத்தியாரும்

அயர்லாந்துப் பிரதமர் நாற்காலியை முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட இருவர். லியோ வராத்கர் டப்ளின்காரர். அப்பா மும்பையிலிருந்து போன டாக்டர், அம்மா நர்ஸ், இவரும் டாக்டர். மீஹால் மார்ட்டின் கார்க் நகரத்து பஸ் டிரைவரின் மகன். அந்த அப்பா குத்துச்சண்டை வீரரும்கூட. மகன் வரலாற்று வாத்தியார்.

இருவருமே சுகாதார அமைச்சராக இருந்தவர்கள். ஆனால் 2004-இல் பப்புகளுக்குள் சிகரெட்டுக்குத் தடை போட்டது டாக்டரல்ல, வாத்தியார்! பப் முதலாளிகள் கொதித்தார்கள்; அவர் அசையவில்லை. புகைப்பவர்கள் மழையிலும் குளிரிலும் வாசலுக்கு வந்தார்கள். என் கணக்கில் இருவரின் சாதனைகளிலும் இதுதான் துணிச்சலானது.

வராத்கர் பெயர் சொல்வது 2018 கருக்கலைப்பு வாக்கெடுப்பு: 66 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். எதிர்க்கட்சித் தலைவராக மார்ட்டினும் ஆதரித்தார், சொந்தக் கட்சியில் பலர் முகம் சுளித்தபோதும்.

வராத்கர் 2024-இல் விலகினார். 2025-இல் மார்ட்டின் மீண்டும் பிரதமர்.