ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன் என்பார்கள், கொடுக்காதீர்கள் (மதுரை)

போனது 1,43,500 ரூபாய். திருமங்கலம் பக்கம் ஏழு மனை விற்ற கமிஷன். மொத்த விலை 71,75,000, பேசியது 2 சதவீதம். மனை விற்கிற கம்பெனி. பேர் போடவில்லை, மதுரையில் இந்த ரகம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

இவர்கள் யாரையும் 'போ' என்று சொல்வதில்லை. பார்ட்டி நம்பர், அதாவது மனை வாங்க விசாரிப்பவர்களின் நம்பர், தருவது நிற்கும். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்குவார்கள். அப்புறம் அதே 14,000 சம்பளத்துக்கு ஓசூர் மாற்றல். வாயால் போகச் சொன்னால் அது பணிநீக்கம் ஆகிவிடும்: கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. மிரட்டி வாங்கியது என்று நிரூபிப்பது நம் பாடு.

மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, நமக்குள்ள என்ன, லெட்டரை மட்டும் குடுங்க, பதினஞ்சு நாள்ல பணம் அக்கவுன்ட்ல ஏறிரும்." லெட்டர் அவர்களே அடித்து வைத்தது: 'சொந்தக் காரணங்களுக்காக'. கையெழுத்துக்கு மேல் பொடி எழுத்தில் இன்னொரு வரி, 'பாக்கி எதுவும் இல்லை'. அந்த ஒரு வரிக்கு 1,43,500 ரூபாய்.

பதினைந்தாம் நாள் ஆடிட்டர் ஊரில் இல்லை. அப்புறம், "அழகர் ஆத்துல இறங்கட்டும்ணே". அழகர் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். கடைசியில் ஹெச்ஆர்: "அது கமிஷன் இல்ல சார், இன்சென்டிவ். பத்திரம் முடியுறப்ப நீங்க ரோல்ல இல்ல." பொய். ஏழில் ஐந்து பத்திரம் லெட்டர் தேதிக்கு முன்பே பதிவானவை. வில்லங்கச் சான்று போட்டால் தேதி அப்படியே நிற்கிறது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. கமிஷன் விகிதத்தையும், அது புக்கிங்கிலா பத்திரத்திலா எதில் சேரும் என்பதையும் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். போகத்தான் வேண்டுமென்றால் நிஜக் காரணத்தையும் பாக்கித் தொகையையும் ராஜினாமாவிலேயே எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி ஃபோனை மாற்றாதீர்கள், கோர்ட்டில் அதற்கு மின்னணு ஆதாரச் சான்றிதழ் கேட்பார்கள். பண வழக்குக்குக் கெடு 3 வருஷம். "பார்க்கலாம்ணே" என்று சொல்லியே அதை ஓட்டிவிடுவார்கள்.