டிரெய்லருக்கு அடியில் ஒரு போல்ட்: நான்கு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பதைப் போன்ற கேரவன் டிரெய்லர் ஒன்றைத் தாமும் அதே பட்டறையில் கட்டச் சொல்லலாமா என்று மன்னார்குடி நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நான்கு ஆண்டுகளாக அதைக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு, பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் கும்பகோணத்திலிருந்து கோடியக்கரைக்கும், மற்ற நாள்களில் தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கமும் போய்த் தங்கிவருகிறேன். படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எதிலும் குறையில்லை. கூரையிலுள்ள சோலார் பேனல், மார்கழி மூடுபனியிலும் விளக்குக்கும் சிறிய ஃபிரிட்ஜுக்கும் வேண்டியதைக் கொடுத்துவிடுவதை இன்றும் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன்.

ஆனால் மூன்றாம் ஆண்டில், தண்ணீர் மோட்டாரைப் போட்டால் விளக்குகள் மங்கத் தொடங்கின. பார்த்தவர் பேட்டரி போய்விட்டது என்றார், நம்பி மாற்றினேன். புதிய பேட்டரியிலும் விளக்கு அதேபோல் மங்கியபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று பொருள்; பழைய பேட்டரியும் அவ்வளவுதான் காட்டியது. அது மட்டுமே பேட்டரி நல்லது என்பதற்குச் சான்றாகாது என்றாலும், குற்றவாளி வேறாக இருக்கலாம் என்று அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

பிறகு நானே மல்டிமீட்டரை எடுத்து, மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஓடும்போது ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைச் சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், வெற்று இரும்பிலும் வைத்தேன். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது அந்த இரும்பு வழியாகத்தான். ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் 0.9 வோல்ட் இருந்தது. அப்போது ஓடிய மின்னோட்டம் 15 ஆம்பியர். அதாவது 13 வாட்டுக்கு மேல் அந்த ஒரே இணைப்பில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே படுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைச் சேசிஸோடு சேர்க்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினால், லக்கின் (கம்பி முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. கட்டிய பட்டறையில் அதைச் சுரண்டவே இல்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் போய்வந்திருக்க, வேதாரண்யத்து உப்புக்காற்று அந்த மரையையும் தின்று, லக்கைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. எமரி பேப்பரால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவியபின் மீட்டர் 0.03 காட்டியது. ஐந்து நிமிட வேலையைப் பட்டறை தவிர்த்ததற்கு நான் ஒரு பேட்டரியின் விலையைக் கொடுத்தேன்.

இந்த வேலையைச் செய்பவர்கள் முதலில் வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, பேனலின் இணைப்பை நிறுத்தி, அதன்பின் பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனர் சேசிஸில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து எடுக்கும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்குத் தரையோடு தொடர்பில்லை. தங்கிய தோப்பு வீட்டில் மூன்று முள் பிளக்கைச் செருகியிருந்தேன். மழைக்குப் பின் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொட்டதும் சுருக்கென்றது. அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் துளை இருந்தது, அதற்குப் பின்னால் தரைக்குப் போகும் கம்பி இல்லை. சார்ஜர் கசியவிட்ட சிறு மின்சாரம் என் வழியாக இறங்கியிருக்கிறது. என் வண்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருந்தும் அது விழவில்லை, கசிவு அந்த அளவை எட்டாததால். ஆகவே ஆர்.சி.சி.பி.யை வைத்துக்கொண்டு எர்த்தை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ணாதீர்கள். புதிய இடத்தில் செருகும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. கோடியக்கரையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட்டைத் திறந்து பார்க்கிறேன். இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில், அந்தப் பட்டறையில் வேண்டாம் என்பதுதான். வேறெங்கு கட்டினாலும், வண்டியை எடுக்கும் முன் எர்த் போல்ட்டை உங்கள் கண்ணெதிரே கழற்றி, லக்கின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.